ஆட்டுத் தொட்டியில் உறைந்த தண்ணீர்

கோடரியின் பின்பக்கத்தால் ஐஸ் உடைக்கும் வேலை எனக்கு வாய்க்கும் என்று யாராவது முன்கூட்டியே சொல்லியிருந்தால், நோர்வேக்குக் கல்யாணம் கட்டி வரச் சம்மதித்தே இருக்க மாட்டேன். அந்தக் குளிர்காலம் முழுவதும் ஆடுகளின் தண்ணீரோடு நான் பட்ட பாட்டை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அடிக்கிற அடியில் ஐஸ் உடைந்து முகத்தில் தெறிக்கும். உடைந்த துண்டுகளைக் கையால் அள்ளி வெளியே எறிய வேண்டும். கையுறை நனையும். நனைந்த கையுறை பத்து நிமிடத்தில் விறைத்துப் பலகையாகும். அரை மணித்தியாலம் கழித்து வந்து பார்த்தால் தொட்டியின் மேல் மறுபடியும் மெல்லிய கண்ணாடி போல ஒன்று படர்ந்திருக்கும். ஆடுகள் அதை மணந்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்க்கும், ஏதோ நான் வேண்டுமென்றே செய்த மாதிரி.

இரண்டாயிரத்துகளின் நடுப்பகுதி அது. நாங்கள் ஒஸ்லோவின் ஓரத்தில் அம்மருட்டில், மாடிக் கட்டடம் ஒன்றின் எட்டாம் தட்டில் குடியிருந்தோம். பத்து வருடம் அலுவலகங்களைத் துப்புரவு செய்து என் முதுகு போய்விட்டது. வேலை தேடித்தரும் அரசு அலுவலகத்தில் இருந்த பெண், உனக்கு மிருகங்கள் பிடிக்குமா என்று கேட்டாள். வீட்டில் ஆடு வளர்த்தனாங்கள் என்று சொல்லிவிட்டேன். உண்மையில் ஆடு வளர்த்தது பக்கத்து வீடு. அந்த ஒரு பொய்யால், காடு தொடங்கும் இடத்தில் இருந்த ஒரு சிறிய மிருகப் பண்ணைக்கு என்னை அனுப்பினார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்து பார்ப்பதற்காக நடத்தப்பட்ட இடம். ஆறு ஆடு, கொஞ்சம் கோழி, நாலைந்து முயல். முதலில் 'பிராக்சிஸ்' என்று சொல்லப்படும் பயிற்சி வேலை, பிறகு தற்காலிக வேலை, சரியாகச் செய்தால் வசந்தத்தில் நிரந்தரம் என்றார்கள்.

தற்காலிகத்தில் நாங்கள் இரண்டு பேர் இருந்தோம். மற்றவர் மன்னார்க்காரர், அறுபதை நெருங்கியவர். வடக்கே மீன் தொழிற்சாலையில் பல வருடம் நின்று, விரல்கள் மடங்காமல் போன பிறகு ஒஸ்லோவுக்கு இறங்கி, மனைவியோடு ட்வெய்ட்டாவில் இருந்தார். நான் அவரை அண்ணை என்றேன். அவர் என்னைத் தங்கச்சி என்றார். அவர் வேதக்காரர், சேர்ச்சுக்குப் போகிறவர்; நான் வெள்ளியில் மீன் தொடாத சைவம். வெள்ளிக்கிழமைகளில் இது ஒரு பிரச்சினை, ஏனென்றால் அவர் சமைத்துக் கொண்டுவரும் மீன் குழம்பின் வாசம் அந்தச் சின்னச் சாப்பாட்டறையை விட்டு வெளியே போகாது. அவர்தான் வீட்டில் சமையல். மனைவி முதியோர் இல்லமொன்றில் வேலை செய்து களைத்து வருவாராம், அதனால் அடுப்படி தன்னுடையது என்று பெருமையாகச் சொல்வார். குழம்பை ஒரு சின்னப் போத்தலில் எனக்கென்று தனியாகக் கொண்டுவருவார். வெள்ளி தவிர மற்ற நாட்களில் நான் வாங்கிச் சாப்பிட்டேன். நல்ல குழம்பு. இதை இங்கே சொல்லித்தான் ஆக வேண்டும்.

பண்ணையின் பொறுப்பாளர் ஒரு நோர்வேஜியப் பெண். எங்கள் இரண்டு பேரையும்விட இளையவள். கத்த மாட்டாள், முகம் சுளிக்க மாட்டாள், எதைச் சொன்னாலும் நல்லது நல்லது என்பாள். அவள் உண்மையில் என்ன நினைக்கிறாள் என்று கண்டுபிடிப்பதற்குள் எனக்குத் தலைவலி வந்துவிடும்.

தண்ணீர் உறையாமல் இருக்க எங்களுக்குத் தெரிந்ததை எல்லாம் செய்து பார்த்தோம். சுடுதண்ணீர் கொண்டுபோய் ஊற்றினோம். அது குளிர்ந்த தண்ணீரைவிடச் சீக்கிரம் உறைந்ததாகத்தான் எனக்குப் பட்டது. தொட்டிக்குள் ஒரு பந்தை மிதக்க விட்டோம், அது அசைந்துகொண்டிருந்தால் ஐஸ் பிடிக்காது என்று யாரோ சொன்னார்களாம். மறுநாள் பந்தும் சேர்ந்து உறைந்தது. தொட்டியைச் சுற்றி வைக்கோல் அடைத்தோம். ஆடுகள் வைக்கோலை இழுத்துத் தின்றுவிட்டன. மூடி போட்டோம். ஒரு ஆடு மூடியின் மேல் ஏறி நின்றது.

கடைசியில் பொறுப்பாளர் அடிப்பக்கத்தில் சூடாக்கும் கம்பி ஓடுகிற கறுப்புத் தொட்டி ஒன்றை வாங்கி வந்தாள். அதன் வயரைப் பிளக்கில் செருகிவிட்டால் போதும், மைனஸ் இருபதிலும் தண்ணீர் தண்ணீராகவே இருக்கும் என்றாள். வயரின் முனையில் சிவப்பாக ஒரு சின்ன லைட். கரண்ட் வந்தால் எரியும். ஆடு கடிக்காமல் இருக்க, பிளக் பூட்டிய இடத்தை ஒரு மரப்பெட்டிக்குப் பின்னால் வைத்திருந்தார்கள். பகலில் பிள்ளைகள் வந்து போவதால் வயரைக் கழற்றிச் சுருட்டி வைக்க வேண்டும். பிற்பகல் மூன்று மணிக்கு, வீட்டுக்குப் போகும் முன், அண்ணை அதை மறுபடி செருக வேண்டும். அது அவருடைய வேலை என்று தாளில் எழுதி ஒட்டியிருந்தது. ஐந்து மணிக்குக் கொட்டில்களைச் சுற்றிப் பார்த்துப் பூட்டிவிட்டுப் போவது என்னுடைய வேலை. காலை ஏழரைக்கு வந்து திறப்பது மறுபடியும் அவர்.

பூட்டுவதில் நான் ஒழுங்கு. ஆட்டுக் கொட்டிலின் வாசலில் நின்று எட்டிப் பார்ப்பேன். ஆறு தலையும் இருக்கிறதா, தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா. கதவைச் சாத்திக் கொளுக்கியைப் போடுவேன். வெளிச்சுவரில், கூரைக்குக் கீழே இருந்த சுவிச்சைத் தட்டி லைட்டை அணைப்பேன். பிறகு கோழிக்கூட்டு லைட், பிறகு களஞ்சிய லைட். ஆள் இல்லாத இடத்தில் லைட் எரிந்தால் எனக்கு உடம்பு கூசும். எங்கள் வீட்டில் ஒரு அறையை விட்டு அடுத்த அறைக்குப் போவதென்றால் கை தானாகச் சுவிச்சுக்குப் போகும். என் பிள்ளைகளை நான் அதிகம் ஏசியது படிப்புக்காக இல்லை, லைட்டுக்காகத்தான்.

இந்த நோர்வேஜியர்களோ, குளிர்காலம் வந்தால் ஆள் இருக்கிற அறை, இல்லாத அறை, யன்னல், வாசல், மரம் என்று எல்லாவற்றிலும் லைட்டைப் போட்டுவிட்டு நித்திரைக்குப் போவார்கள். புதன்கிழமைகளில் எனக்கு மொழி வகுப்பு, அன்று பண்ணையைப் பூட்டுவது பொறுப்பாளர். வியாழக்கிழமை காலை பஸ்சால் இறங்கி மேலே ஏறும்போதே தெரியும், இரவு முழுக்க எல்லாக் கொட்டில்களிலும் லைட் எரிந்திருக்கிறது. ஆடு என்ன, பேப்பரா வாசிக்கிறது? எனக்கு வயிறு எரியும். ஒரு நாள் அவளிடமே சொன்னேன். வெளிச்சம் இருந்தால் மனதுக்கு இதமாக இருக்குமே என்றாள். யாருடைய மனதுக்கு என்று நான் கேட்கவில்லை.

புதிய தொட்டி வந்து முதல் கிழமை வெளியே குளிர் அதிகமில்லை. தண்ணீரும் உறையவில்லை. எல்லோரும் தொட்டியைப் புகழ்ந்தோம். அடுத்த திங்கள் மைனஸ் பதினாலு. செவ்வாய்க்கிழமை காலை நான் ஒன்பது மணிக்கு வரும்போது அண்ணை கோடரியோடு நிற்கிறார். தொட்டி நிறைய ஐஸ், ஓரங்களில் மட்டும் கொஞ்சம் இளகியிருந்தது.

"நேற்றுச் செருகேல்லையோ அண்ணை?" என்று கேட்டேன்.

"செருகினனான் தங்கச்சி. காலமை வந்து பாக்கேக்கையும் செருகித்தான் கிடந்தது. சிவப்பு லைட்டும் எரிஞ்சது."

தொட்டியில் கையை வைத்துப் பார்த்தேன். அடி வெதுவெதுப்பாக இருந்தது. நன்றாகத்தான் வேலை செய்கிறது. அப்படியென்றால் இரவு முழுக்க என்ன செய்தது? பொறுப்பாளர் வந்து பார்த்தாள், நல்லது நல்லது என்றாள். கடையில் கேட்டு வேறொரு தொட்டி மாற்றி வந்தாள். மின்சாரம் தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டுப் பிளக்கையும் பார்க்கச் சொன்னாள். அவர் பட்டப்பகலில் வந்து, ஏதோ ஒரு கருவியை வைத்துப் பார்த்து, ஒரு குறையும் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுக் கோப்பி குடித்துவிட்டுப் போனார். அந்தக் கிழமை வெள்ளிக்கிழமை காலை மறுபடியும் ஐஸ்.

இந்த இடத்தில்தான் என் மூளை வேலை செய்யத் தொடங்கியது. அந்த மூளையை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெறுப்பு வருகிறது. சனி, ஞாயிறில் வேறு ஆட்கள் வருவார்கள், அந்த இரண்டு இரவும் தண்ணீர் உறைவதில்லை. புதன்கிழமை இரவுகளில் உறைவதில்லை, அன்று பூட்டுவது பொறுப்பாளர். மற்ற நாட்களில் குளிர் கூடினால் ஐஸ். நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். முதலாளி நிற்கிற நாளில் மனிசன் கவனமாகச் செருகுகிறார், நான் நிற்கிற நாளில் மறந்துவிட்டுப் போகிறார். காலையில் வந்து ஐஸைக் கண்டதும் அவசரமாகச் செருகிவிட்டு, செருகித்தான் கிடந்தது என்கிறார். ஒன்பது மணிக்கு அடி வெதுவெதுப்பாக இருப்பதற்கு வேறு என்ன காரணம்?

அந்த மரப்பெட்டிக்குப் பின்னால் நான் ஒரு நாள் மாலையாவது குனிந்து பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. அது என் வேலை இல்லை என்று தாளில் எழுதி ஒட்டியிருக்கிறதே. அவர் வேலையையும் நான் செய்தால் இரண்டு பேருக்கு எதற்குச் சம்பளம் என்று வீட்டில் கணவரிடம் புறுபுறுத்தேன். அவர், வயசுபோன மனிசன், நீயே ஒருக்கால் பாத்துவிட்டால் என்ன என்றார். அதற்கும் அவரோடு சண்டை பிடித்தேன்.

ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் நான் நேரடியாகவே சொன்னேன். அண்ணை பொய் சொல்கிறார் என்று சொல்ல வாய் வரவில்லை. அதனால் அதைவிட மோசமானதைச் சொன்னேன், அது மோசமானது என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

"நீங்கள் மறந்துபோறியள் அண்ணை. பின்னேரம் மறக்கிறது. காலமை வந்தோடனை கை பழக்கத்திலை செருகிவிடுது. செருகினது உங்களுக்கு ஞாபகமில்லை. அதுதான் செருகிக் கிடந்தது எண்டு சொல்லுறியள்."

அவர் குழம்பில் இருந்து கையை எடுத்தார்.

"அப்பிடியும் நடக்குமோ?" என்று கேட்டார்.

நடக்கும் என்றேன். என் மாமி ஒருவர் மருந்தைக் குடித்துவிட்டுக் குடிக்கவில்லை என்று மறுபடி குடித்த கதையையும் சொன்னேன். எனக்கு அப்போது வாய் நிற்கவில்லை.

அதற்குப் பிறகு அவர் மெதுவாகத் தன் தகப்பனைப் பற்றிச் சொன்னார். அறுபது வயதில் சின்னச் சின்னதாக மறக்கத் தொடங்கினாராம். படகைக் கட்டியதை மறந்தார், வலையை உலரப்போட்டதை மறந்தார். அறுபத்தைந்தில் பெற்ற பிள்ளைகளைப் பார்த்து, நீங்கள் ஆர் வீட்டுப் பிள்ளைகள் என்று கேட்டாராம். தனக்கும் அது வந்துவிடுமோ என்பதுதான் தன் வாழ்க்கையில் தனக்கு இருக்கிற ஒரே பயம் என்றார். வேலை போனால் வேறு வேலை தேடலாம், இது போனால் தேட ஆள் இருக்காது என்றார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? அப்படியென்றால் எழுதி வையுங்கள் என்றேன்.

எழுதி வைத்தார். அடுத்த நாளிலிருந்து இடது உள்ளங்கையில் நீலப் பேனாவால் 'பிளக்' என்று எழுதிக்கொண்டு வருவார். மூன்று மணிக்குச் செருகிவிட்டு அதை எச்சில் தொட்டு அழிப்பார். அழித்த தடம் இருந்தால் செருகிவிட்டார் என்று அர்த்தம். ஆனாலும் குளிர் கூடிய காலைகளில் ஐஸ் கிடந்தது. அவர் தொட்டியைப் பார்ப்பார், கையைப் பார்ப்பார். செருகாமலே அழித்துவிட்டேனோ என்று என்னிடம் கேட்பார். எனக்கு எரிச்சல் தாங்காது. எனக்கு எப்படித் தெரியும் அண்ணை என்று சொல்லிவிட்டுக் கோடரியை எடுப்பேன்.

மீன் குழம்பு நின்றுபோனது. ஒரு மாதமாக அவர் மண்ணிறச் சீஸ் வைத்த இரண்டு பாண் துண்டுகளோடுதான் வந்தார். என்ன அண்ணை நோர்வேஜியர் ஆகிவிட்டீர்களா என்று பகிடி விட்டேன். மனைவி அடுப்புக் கிட்டப் போக விடுகிறார் இல்லை என்றார். தனக்கு மறதி என்று இவரே வீட்டில் சொல்லியிருக்கிறார். அந்த மனிசி முதியோர் இல்லத்தில் தினமும் பார்ப்பதால் நன்றாகவே பயந்துவிட்டார். காலையில் வேலைக்குப் போகும்போது அடுப்பில் இருக்கும் நான்கு குமிழ்களையும் கழற்றித் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு போகிறாராம். இதைச் சொல்லும்போது அவர் சிரிக்க முயன்றார். நானும் சிரித்துவைத்தேன்.

பெப்ரவரியில் நலமடித்த கிடாய் ஒன்றுக்கு மூத்திரம் போகவில்லை. முதுகை வளைத்துக்கொண்டு நின்று முக்கியது, ஒரு சொட்டும் வரவில்லை. அந்த ஆடு கத்திய கத்தல் இன்னும் காதில் நிற்கிறது. மிருக வைத்தியர் வந்து ஊசி போட்டு, குழாய் விட்டு, ஒருவாறு காப்பாற்றினார். தண்ணீர் குடிப்பது குறைந்தால் கிடாய்களுக்கு இப்படிக் கல்லடைக்கும், இரவில் தண்ணீர் இருந்ததா என்று கேட்டார். பொறுப்பாளர் எங்கள் இரண்டு பேரையும் பார்த்தாள். நல்லது நல்லது என்று அன்று அவள் சொல்லவில்லை.

பிற்பகல் நான் அவளுடைய அறைக்குப் போனேன். என் வேலையும் ஊசலாடிக்கொண்டிருந்தது, பழி என்மேல் வந்துவிடுமோ என்று பயம். அவருக்கு மறதி வருகிறது, தானே என்னிடம் ஒத்துக்கொண்டார், தகப்பனுக்கும் இருந்ததாம் என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அந்த மேசையில் அவர் எனக்கு மட்டும் சொன்னதை நோர்வேஜிய மொழியில், பிழை இல்லாமல், இலக்கணத்தோடு சொன்னேன். மொழி வகுப்பு அதற்கு நன்றாக உதவியது.

அவள் அவரைக் கூப்பிட்டுக் கதைத்தாள். நீக்கவில்லை. தற்காலிக வேலை முடியும்வரை நிற்கலாம், ஆனால் வைத்தியரிடம் ஒருக்கால் காட்டிப் பார் என்றிருக்கிறாள். அடுத்த நாள் அவர் வந்து, களஞ்சியத் திறப்பை மேசையில் வைத்தார். ஆட்டுக்கு ஏதும் நடந்தால் தன்னால் தாங்க முடியாது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். போகும்போது கொட்டிலுக்குள் போய் அந்தக் கிடாயின் நெற்றியைத் தடவினார். என்னிடம், வாறன் தங்கச்சி என்று சொன்னார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, முயல் கூட்டைக் கழுவிக்கொண்டிருந்தேன்.

அன்றிலிருந்து செருகுவதும் என் வேலை, பூட்டுவதும் என் வேலை, காலையில் திறப்பதும் என் வேலை. அந்தக் கிழமை குளிர் இளகி, கூரையிலிருந்து தண்ணீர் சொட்டியது. தொட்டியில் ஒரு பொட்டு ஐஸ் இல்லை. பார்த்தாயா என்று கணவரிடம் சொன்னேன். நிம்மதியாக இருந்தது என்று எழுதவே கை கூசுகிறது. ஆனால் நிம்மதியாகத்தான் இருந்தது.

அடுத்த கிழமை மறுபடி மைனஸ் பதினைந்து. செவ்வாய்க்கிழமை காலை கொட்டில் லைட்டைப் போட்டு, கதவைத் திறந்தேன். தொட்டி நிறைய ஐஸ். பெட்டிக்குப் பின்னால் குனிந்து பார்த்தேன். செருகித்தான் கிடந்தது. சிவப்பு லைட்டும் எரிந்தது.

நான் அங்கேயே வைக்கோலில் இருந்துவிட்டேன். நேற்று மூன்று மணிக்கு என் கையால் செருகினேன். செருகினேனா? செருகினேன். இப்போது உள்ளே வந்ததும் கை பழக்கத்தில் செருகிவிட்டேனோ? அவருக்குச் சொன்ன அதே வார்த்தைகள் என் தலைக்குள் சுற்றின. அன்று பகல் முழுக்க நான் செய்த ஒவ்வொரு வேலையையும் இரண்டு தடவை செய்தேன். கோழிக்கூட்டைப் பூட்டிவிட்டுத் திரும்பிப் போய் இழுத்துப் பார்த்தேன். ஒரு பகல் அப்படி இருப்பதே எனக்கு நரகமாக இருந்தது. அந்த மனிசன் இரண்டு மாதம் இருந்திருக்கிறார்.

மூன்று மணிக்குச் செருகினேன். ஐந்து மணிக்குப் போய், குனிந்து, சிவப்பு லைட்டைக் கண்ணால் பார்த்தேன். கையுறையைக் கழற்றித் தொட்டியின் அடியைத் தொட்டேன். இளஞ்சூடு. வெளியே வந்து, கதவைச் சாத்தி, சுவிச்சைத் தட்டினேன். விரல் குளிர்ந்தபோதுதான் கையுறையை உள்ளே விட்டுவிட்டது தெரிந்தது. லைட்டை மறுபடி போடுவானேன் என்று இருட்டிலேயே கதவைத் திறந்து தடவிக்கொண்டு போனேன். கையுறை மரப்பெட்டியின் மேலே இருந்தது. எடுத்தேன். பெட்டிக்குப் பின்னால் பார்த்தேன்.

சிவப்பு லைட் எரியவில்லை.

வெளியே ஓடிப்போய்ச் சுவிச்சைப் போட்டேன். உள்ளே வந்து பார்த்தேன். எரிந்தது. அணைத்துவிட்டு வந்து பார்த்தேன். எரியவில்லை. எத்தனை தடவை உள்ளேயும் வெளியேயும் ஓடினேன் என்று எனக்குத் தெரியாது. ஆடுகள் எல்லாம் எழும்பி நின்று பார்த்தன. யாரோ ஒருவர் எந்தக் காலத்திலோ அந்தக் கொட்டிலுக்குப் பிளக் வைத்தபோது, தனி வயர் இழுக்கப் பஞ்சிப்பட்டு, லைட்டுக்குப் போகும் வயரிலிருந்தே கரண்டை எடுத்திருக்கிறார். லைட் எரிந்தால்தான் தொட்டி சூடாகும். சுவிச் வெளியே இருந்ததால், லைட் போடாமல் ஒருவரும் அதற்குள் போனதில்லை. அண்ணை காலையில் லைட்டைப் போட்டுவிட்டுத்தான் உள்ளே போயிருக்கிறார், சிவப்பு எரிந்திருக்கிறது. மின்சாரக்காரரும் லைட்டைப் போட்டுக்கொண்டுதான் பார்த்திருக்கிறார். பொறுப்பாளரும் சனி ஞாயிறு ஆட்களும் லைட்டை அணைப்பதே இல்லை. அணைத்தது நான் ஒருத்திதான். ஒவ்வொரு நாளும், ஒழுங்காக, மறக்காமல்.

லைட்டை எரியவிட்டுவிட்டுக் கீழே இறங்கினேன். பஸ் தரிப்பில் நின்று அழுதேன். கோபமா வெட்கமா என்று பிரிக்கத் தெரியவில்லை.

மறுநாள் பொறுப்பாளரிடம் சொன்னேன். அவள் முதலில் சிரித்தாள், பிறகு என் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள். சுவிச்சின் மேல் அகலமான ஒட்டுநாடாவை ஒட்டினாள். அண்ணைக்குத் தொலைபேசி எடுத்து, திரும்பி வரச் சொல்லிக் கேட்டாள். தான் சுகமில்லாமல் இருப்பதாகவும் இனி வர விருப்பமில்லை என்றும் அவர் சொன்னாராம். காரணத்தைச் சொன்னாயா என்று கேட்டேன். வயர், லைட் என்று விளக்கினேன், அவருக்கு விளங்கியதோ தெரியவில்லை, சரி சரி என்றார் என்றாள். இதைத் தமிழில் சொல்ல வேண்டியவள் நான் என்று எனக்குத் தெரியும். இருந்தும் மூன்று நாள் இழுத்தடித்தேன்.

சனிக்கிழமை பகல் ட்வெய்ட்டா கடைத்தொகுதியில், கீழே வாங்குகள் போட்டிருக்கும் இடத்தில் அவரைக் கண்டேன். மனைவி வேலை முடிந்து வரும்வரை அங்கேதான் இருப்பார் என்று கேள்விப்பட்டுத்தான் போனேன். மெலிந்திருந்தார். உள்ளங்கை இரண்டிலும் நீலப் பேனா. நான் அருகில் இருந்ததும், வைத்தியரிடம் போன கதையை அவராகவே சொல்லத் தொடங்கினார். மறதியைச் சோதிக்க, தாளில் மணிக்கூடு கீறச் சொன்னார்களாம். நூறிலிருந்து ஏழு ஏழாகக் குறைத்துக்கொண்டு போகச் சொன்னார்களாம், அதுவும் நோர்வேஜிய மொழியில். தமிழிலேயே தனக்கு அது வராது என்றார். அடுத்த மாதம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமாம்.

நான் அவரை இடைமறித்துச் சொன்னேன். பிளக்கைச் சொன்னேன், சுவிச்சைச் சொன்னேன், என் கையைச் சொன்னேன். பொறுப்பாளரின் அறையில் நான் கதைத்ததையும் சொன்னேன். ஒன்றையும் விடவில்லை. அவர் எனக்கு ஏச வேண்டும் என்று ஆசையாக இருந்தது. ஏசினால் நான் ஏதாவது பதில் சொல்லலாம்.

அவர் ஏசவில்லை. ஒரு தாளை எடுத்துத் தரச் சொல்லி, அதில் லைட்டையும் வயரையும் பிளக்கையும் கீறிக் காட்டச் சொன்னார். கீறினேன். விரலால் அந்தக் கோட்டைத் தொட்டுக்கொண்டே இரண்டு தடவை போய் வந்தார்.

"அப்ப நான் செருகினனான்," என்றார்.

"ஓம் அண்ணை. ஒவ்வொரு நாளும் செருகினனீங்கள்."

"நான் உங்களை ஒரு நாளும் சந்தேகப்படேல்லைத் தங்கச்சி. என்னைத்தான் சந்தேகப்பட்டனான்."

அவர் தாளை நான்காக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். உள்ளங்கைகளைக் காற்சட்டையில் தேய்த்தார். பேனா மை போகவில்லை, மறுபடியும் தேய்த்தார். பிறகு எழுந்து, என்னை விட்டு நாலைந்து அடி தள்ளிப் போய் நின்று, கைத்தொலைபேசியை எடுத்து மனைவியைக் கூப்பிட்டார். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் கதைத்தார், ஆனாலும் கேட்டது.

"நான்தான். வரேக்கை அந்தக் குமிழ் நாலையும் மறக்காமல் கொண்டு வா. இண்டைக்கு நான்தான் சமைக்கிறன்."

தொலைபேசியைப் பைக்குள் வைத்துவிட்டு, என் பக்கம் திரும்பாமலே மீன் வாங்கப் போனார்.